சிட்னிக்கு அப்புறம் ஜேன் சாவில்

செப்டம்பர் 20, 2025

டோக்கியோ உலகத் தடகளத்தில் இன்று பெண்கள் 20 கி.மீ. நடைப் பந்தயம். ஸ்பெயினின் மரியா பெரெஸ் ஜெயித்துவிட்டார். ஒரு வாரம் முன்பு 35 கி.மீ. தங்கமும் அவருக்குத்தான். 2023-இல் புடாபெஸ்டிலும் இதே இரட்டைத் தங்கம். ஆனால் பாதி நேரம் என் கண் அவர்மேல் இல்லை, ஓரத்தில் நிற்கும் நடுவர்கள்மேல். ஆஸ்திரேலிய நடை வீராங்கனை ஜேன் சாவிலை 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நடுவர்கள் கடைசி நேரத்தில் வெளியேற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது ஒட்டிக்கொண்ட பழக்கம். வரும் 28-ஆம் தேதியோடு அதற்கு 25 வருடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

செப்டம்பர் 23

விதி இரண்டுதான். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால், தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முட்டி மடங்கக் கூடாது. முதல் விதியை அளப்பது நடுவரின் வெறும் கண். கேமராவுக்கு அங்கே வேலையில்லை. ஸ்லோமோஷனில் பார்த்தால் பெரிய பெரிய வீராங்கனைகளுக்கும் இரண்டு காலும் ஒரு கணம் காற்றில்தான் இருக்கும்!

காலையில் மொட்டை மாடியில் நானும் நடந்து பார்த்தேன். குதிகாலை ஊன்றி, முட்டியை விறைத்து, இரண்டு பாதமும் ஒரே கோட்டில் விழும்படி வைத்தால் இடுப்பு தானாகவே திரும்புகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கச் சதை உடனே எரிய ஆரம்பித்துவிடுகிறது. வற்றல் காயப்போட வந்த கீழ்வீட்டு அக்கா, "என்னங்க, இடுப்பு பிடிச்சிக்கிச்சா?" என்றார். இப்படியே கிலோமீட்டருக்கு நாலரை நிமிடம், அதுவும் 20 கி.மீ.! நம்மில் பலர் ஓடினால்கூட வராத வேகம்.

செப்டம்பர் 28

2000, சிட்னி. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 20 கி.மீ. நடை வந்தது அப்போதுதான். அதற்கு முன் 10 கி.மீ. சாவில் உள்ளூர்ப் பெண். மூன்று நாள் முன்புதான் கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டரில் தங்கம் வாங்கியிருந்தார், ஊரே இன்னொன்றுக்குக் காத்திருந்தது. முன்னணியில் இருந்த சீனாவின் லியூ ஹாங்யு, இத்தாலியின் எலிசபெத்தா பெரோனே இருவரையும் நடுவர்கள் வெளியேற்றினார்கள். இப்போது சாவில்தான் முதலிடம். விதியை மீறினால் நடுவர் கொடுப்பது சிவப்பு அட்டை, அன்றைய விதிப்படி மூன்று சேர்ந்தால் வெளியேற்றம். சாவிலுக்கு ஏற்கெனவே இரண்டு. ஸ்டேடியத்துக்குள் நுழையும் சுரங்கவழி எதிரே தெரிகிறது, உள்ளே கூட்டம் காத்திருக்கிறது. அங்கே தலைமை நடுவர் குறுக்கே வந்து வெளியேறச் சொல்லும் சிவப்புப் பலகையைக் காட்டுகிறார். சாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். சீனாவின் வாங் லிப்பிங் 1:29:05-இல் தங்கம் வென்றார்.

அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று அட்டையும் மூன்று வெவ்வேறு நடுவர்கள் கொடுத்தவை. உள்ளூர் வீராங்கனை, கடைசிக் கட்டம் என்பதற்காக அவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் அநியாயம். வயிற்றெரிச்சல் வேறு விஷயம்.

செப்டம்பர் 29

இப்போதைய விதி அன்று இருந்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்குமே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இப்போது 20 கி.மீ.யில் மூன்றாவது அட்டைக்கு இரண்டு நிமிடம் தண்டனை இடத்தில் நிற்க வேண்டும், நாலாவதுக்குத்தான் வெளியேற்றம். நிற்க அவகாசம் இல்லையென்றால் அந்த நேரத்தை முடிவில் கூட்டிவிடுவார்கள். சரி, கணக்குப் போடுவோம். சாவில் 1:29 ஒட்டி முடித்திருந்தாலும் 1:31 ஆகிவிடும். வெண்கலம் வாங்கிய மரியா வாஸ்கோவின் நேரம் 1:30:23. பதக்கம் இல்லை. எல்லைக்கோட்டையாவது தாண்டியிருப்பார்.

அக்டோபர் 2

சிட்னி வீடியோவோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் நிறுத்தவில்லையே! 1998 கோலாலம்பூர் காமன்வெல்த்தில் 10 கி.மீ. தங்கம் ஏற்கெனவே கையில் இருந்தது. சிட்னிக்கு அப்புறம் 2002 மான்செஸ்டரில் 20 கி.மீ. தங்கம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 1:29:25, வெண்கலம். தங்கம் வென்ற கிரேக்கப் பெண் சூமெலேகாவுக்கும் அவருக்கும் இடையே 13 விநாடிதான். அதே இரண்டு விதி, அதே மாதிரி ஓரத்தில் நின்று முட்டியையும் பாதத்தையும் பார்க்கிற நடுவர்கள். இந்த முறை ஸ்டேடியத்துக்குள் போய் முடித்தார்.

2006 மெல்போர்னில் மூன்றாவது காமன்வெல்த் தங்கம். வெள்ளி அவர் தங்கை நாடலி சாவிலுக்கு. சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், ஒரே வீட்டுக்கு இரண்டு பதக்கம். டிவியில் திரும்பத் திரும்பப் போடவேண்டிய காட்சி இதுதான் என்பேன்.

அடுத்து எழுத நினைப்பது சீனாவின் லியூ ஹாங் பற்றி. 2016 ரியோ ஒலிம்பிக் தங்கத்தை இரண்டே விநாடி வித்தியாசத்தில் தட்டிய கதையும் இருக்கிறது, 2019-இல் 50 கி.மீ.யை நாலு மணி நேரத்துக்குள் முடித்த முதல் பெண் என்ற கதையும் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்று பார்க்க வேண்டும்.