ஒப்பந்தம் 'முடிந்தது' என்று எழுதும் முன்

ஒப்பந்தக் கடிதங்களில் தகராறு கிளப்புவது பெரும்பாலும் பெரிய சட்டச் சொற்கள் அல்ல, சாதாரண ஆங்கில வினைச்சொற்கள்தான். பெயர்ச்சொற்களை ஒப்பந்தத்திலிருந்தே பார்த்து எழுதிவிடலாம். வினைச்சொல்லை எழுதுகிறவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மிக அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் முடிவு. தமிழில் 'ஒப்பந்தம் முடிந்தது' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது எப்படி முடிந்தது என்று சொல்லியாக வேண்டும். குறித்த தேதி வந்து தானாக முடிந்தால் 'எக்ஸ்பயர்'. கெடுவுக்கு முன்பே ஒரு தரப்போ இரு தரப்புமோ முடித்தால் 'டெர்மினேட்'. அதுவரை சேர்ந்த பாக்கி பொதுவாக அப்படியே நிற்கும். ஒப்பந்தமே நடக்காதது போலத் தொடக்கம் வரை பின்னோக்கிக் கலைத்து, வாங்கியதை இரு தரப்பும் திருப்பித் தரும் நிலை என்றால் 'ரெஸிண்ட்'. வேலை முடிந்ததற்கு 'கம்ப்ளீட்'. அதை வேலையோடு சேர்த்து எழுதுங்கள், ஒப்பந்தத்தோடு வேண்டாம். வேலை முடிந்த பிறகும் குறைகளைச் சரிசெய்து தரும் பொறுப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

மார்ச் 31-உடன் காலம் முடிந்த பராமரிப்பு ஒப்பந்தத்தை 'டெர்மினேட்டட்' என்று ஒருவர் எழுதிவிடுகிறார் என்று வையுங்கள். படிக்கிறவர் உடனே கேட்பார்: யார் முடித்தது, எந்த ஷரத்தின்படி, முன்னறிவிப்பு எங்கே? ஒப்பந்ததாரருக்கு அதைவிடப் பெரிய தலைவலி உண்டு. அடுத்த டெண்டர் படிவத்தில் 'உங்கள் ஒப்பந்தம் எதுவும் இடையில் முறிக்கப்பட்டதா' என்ற கேள்வி இருந்தால், இந்தக் கடிதம் அவருக்கு எதிரான சான்றாகிவிடும்.

'எக்ஸ்டெண்ட்', 'ரென்யூ' இரண்டும் ஒன்றல்ல. முன்னது அதே ஒப்பந்தத்தின் கடைசித் தேதியைத் தள்ளிப்போடுவது. பின்னது புதிய காலத்தைத் தொடங்குவது. விலையும் நிபந்தனைகளும் அப்போது மாறலாம். காலாவதியாகி 2 வாரம் கழித்து 'எக்ஸ்டெண்ட்' என்று எழுதினால், நீட்டிக்க அங்கே ஒப்பந்தமே இருக்காது. நீட்டிக்கும்போது வங்கி உத்தரவாதம், காப்பீடு இரண்டின் தேதியையும் சேர்த்து நீட்டச் சொல்லுங்கள். மறந்துபோவது எப்போதும் அதுதான்.

'எக்ஸிக்யூட்' என்னும் சொல்லை நான் கூடியவரை எழுதுவதே இல்லை. வக்கீலுக்கு அது கையெழுத்திட்டு முடித்தது, தளப் பொறியாளருக்கோ வேலையைச் செய்து முடித்தது. ஒப்பந்தம் 'எக்ஸிக்யூட்டட்' என்ற வரியை நம்பிக் கணக்குப் பிரிவு இறுதி பில்லுக்குக் காத்திருக்கும்; அங்கே இன்னும் அஸ்திவாரமே தோண்டியிருக்க மாட்டார்கள். 'சைன்' என்றோ 'பெர்ஃபார்ம்' என்றோ நேராக எழுதினால் என்ன குறைந்துவிடும்? 'அவார்டு' செய்வது வேலை கொடுக்கிறவர். 'வின்' செய்வது அந்த வேலையைப் பெறுகிறவர். ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு 'என்டர்' என்றால் பின்னால் 'இன்டு' வேண்டும்.

கட்டாயத்தைச் சொல்ல 'ஷல்' எழுதலாமா என்ற சண்டை ஓயாது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஆவணங்களில் 'ஷல்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை, 'மே' அனுமதி, 'கேன்' சாத்தியம். அமெரிக்கக் கூட்டாட்சி சிவில் நடைமுறை விதிகளை 2007-ல் எளிய நடைக்கு மாற்றியபோது 'ஷல்'லையே எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்துக்குள் எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை விளக்கும் குறிப்பில் மட்டும் 'ஷல்' வேண்டாம். அது நீங்களே புதிதாக உத்தரவு போடுவது போல ஒலிக்கும். 'இஸ் ரிக்வயர்டு டு' போதும். 'மே நாட்' இன்னும் ஆபத்து: செய்யக் கூடாதா, செய்யாமலும் போகலாமா? தடை என்றால் 'மஸ்ட் நாட்', சந்தேகம் என்றால் 'மைட் நாட்'.

சரக்கு தாமதமானதும் 'ப்ரீச்', அதாவது ஒப்பந்த மீறல், என்று எழுதக் கை துறுதுறுக்கும். அது குற்றச்சாட்டு. எந்தத் தேதிக்குள், எந்த ஷரத்தின்படி 'ஃபெயில்டு டு டெலிவர்' என்று எழுதுவது நடந்த விஷயம். அதை மறுப்பது கடினம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: தாமதத்தை விளக்கி வந்த கடிதத்துக்கு மரியாதையாக 'அக்செப்ட்' என்று பதில் போட்டால், தாமத அபராதத்தை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று வாதாட இடம் கிடைக்கும். கடிதம் வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்ல 'அக்னாலெட்ஜ் ரிசீட்' இருக்கிறது.