6.2

ஜனவரி 4, 2025
மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்டில் (HbA1c) 6.2. டாக்டரம்மா பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். 5.7-ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைக் குறைங்க, நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க. எனக்கு அப்பாவின் வலது கால்தான் கண்ணுக்குள் நின்றது.

ஜனவரி 6
சோறு நிறுத்தியாச்சு. தெப்பக்குளம் ஐந்து சுற்று.

ஜனவரி 9
ஏழு சுற்று. இரவுக்கு ஒரு வெள்ளரிக்காய். வயிறு ஒட்டிக் கிடப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 14
அத்தை சர்க்கரைப் பொங்கல் வைக்க வந்தார்கள். இலையை மடித்துவிட்டேன். நெய்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கினபிறகு அடுக்களைக்குப் போய், ஆறிப்போன பானையில் கையைவிட்டு வழித்து வழித்துத் தின்றேன். நல்ல நாளும் அதுவுமாக.

ஜனவரி 15
ஒன்பது சுற்று. நேற்றுத் தின்றதைக் கரைக்கணும்.

ஜனவரி 16
நாலாவது சுற்றில் கண் இருட்டியது. குளத்துச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. பருத்திப்பால் விற்கிறவர் ஓடி வந்தார். "வெறும் வயித்துலயா நடக்குறீங்க? இதக் குடிங்கம்மா." சுக்கு வாசனை. சூடு தொண்டையில் இறங்க இறங்கக் கை நடுக்கம் நின்றது. குடித்து முடித்ததும், ஐயோ கருப்பட்டியாச்சே என்று அழுதேன். அவர் காசு வாங்கவில்லை.

ஜனவரி 18
டாக்டரம்மாவுக்குக் கோபம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால் போதுமாம். நான் இரண்டே நாளில் அதைத் தாண்டியிருக்கிறேன். சிவப்பணு சுமார் 120 நாள் இருக்குமாம். அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. ஒரு நாள் பட்டினியால் அது இறங்கிவிடாது, ஒரு நாள் பொங்கலால் ஏறியும் விடாது. வீடு வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 20
மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரண்டு கிண்ணம் கீரை, ஒரு முட்டை. மூன்று சுற்று. மூன்றோடு நிற்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கால் தானாக நாலாவதுக்குத் திரும்புகிறது. பட்டினி கிடந்தபோது இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு கரண்டியிலும் போதுமா போதுமா என்று என்னையே கேட்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 11
தைப்பூசம். தெப்பம் பார்க்க ஊரே கரையில். நடக்க இடமில்லை, நடக்கவில்லை. அதற்காக ராத்திரி இட்லியைக் குறைக்கவும் இல்லை.

மார்ச் 2
பரணில் அப்பாவின் செருப்பு. இடது தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. வலது புதுசு போலவே இருக்கிறது.

மார்ச் 3
ஐந்து சுற்று.

மார்ச் 19
"பொங்கலன்னிக்குக் கோபமா அத்தை?" என்று கேட்டேவிட்டேன். "காலைல பானையப் பாத்தேன்ல. இம்புட்டுப் பசியோட கிடந்திருக்கியேன்னு இருந்துச்சு" என்றார்கள்.

ஏப்ரல் 4
நாளைக் காலை ரத்தம் கொடுக்கணும். மூன்று சுற்று. இரவு இரண்டு இட்லி. மூன்றாவதை அத்தை கேட்காமலே வைத்தார்கள். பசி இருந்தது, சாப்பிட்டேன்.