நான் ‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

நிவாரணப் பணியில் நான் செய்த பிழைகளுள் பெரியது எது என்று கேட்டால், ஒரு படிவத்தின் ஏழாவது கட்டத்தைத்தான் காட்டுவேன். 2023 அக்டோபரில் மியான்மரின் பெகு, அதாவது இன்று பகோ என்று வழங்கும் எங்கள் ஊர், வெள்ளத்தில் மூழ்கியபோது, தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஒரு பேட்டையில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தமிழும் பர்மியமும் தடையில்லாமல் பேசுவேன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், கர்ப்பிணிகள் இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, ஏழாவதாக, “வீட்டில் ஊனமுற்றோர் யாராவது உண்டா?” என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் ‘இல்லை’ என்றார்கள். நானும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், ஒரு கட்டம் சீக்கிரம் முடிந்ததே என்ற நிம்மதிகூட இருந்தது.

மூன்றாம் நாள், தொலைந்துபோன ஒரு டோக்கனைச் சரிபார்ப்பதற்காக அதே பேட்டையின் ஒரு வீட்டுக்குத் திரும்பச் சென்றேன். பின்கட்டில் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன், ஊறிப்போன நெல்லைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. வந்து அவன் தோளைத் தொட்ட தாயார், என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, “அவன் ஊனமெல்லாம் இல்லை தம்பி, காதுதான் கேக்காது” என்றார்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் காதில் ‘ஊனம்’ என்பது தெருவில் இழுத்துக்கொண்டு போகும் உடலைக் குறிக்கும் சொல்; முன்வினையைக் குறிக்கும் சொல்லும்கூட. பர்மியத்தில் நெடுங்காலமாகப் புழங்கிய ‘துக்கிதா’ என்ற சொல்லும் இதைப் போன்றதுதான்; பௌத்த நூல்களின் மொழியான பாலியிலிருந்து வந்தது. துன்பத்துக்கு ஆளானவர் என்பது அதன் பொருள். எந்தத் தாய் தன் பிள்ளையை அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதச் சொல்வாள்? தமிழ்நாட்டில் வழங்கும் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லையும் பயன்படுத்திப் பார்த்தேன். எங்கள் தெருக்களில் பலர், “அப்படின்னா என்ன தம்பி?” என்று திருப்பிக் கேட்டார்கள். சொல் மரியாதையானதாக இருந்தும், கேள்வி பிழையாகவே இருந்தது.

இதற்கு ஏற்கெனவே ஒரு வழி உண்டு என்பதை எனக்குச் சொன்னவர் ரங்கூனிலிருந்து வந்திருந்த மூத்த பணியாளர் ஒருவர். ஐ.நா. அமைத்த புள்ளியியல் குழுவான வாஷிங்டன் குழுவின் கேள்விகள் என்று அவற்றைச் சொல்வார்கள். ஊனம் என்ற சொல்லே அவற்றில் வராது. கண்ணாடி அணிந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்பதில் உண்டா, நடப்பதில் அல்லது படியேறுவதில் உண்டா, நினைவில் வைப்பதில் அல்லது கவனிப்பதில் உண்டா, குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகளில் உண்டா, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலும் தான் சொல்வதைப் புரியவைப்பதிலும் உண்டா என்ற ஆறு கேள்விகள்தாம். ஒவ்வொன்றுக்கும் சிரமமில்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், முடியவே முடியாது என நான்கு விடைகள். எங்கள் நாட்டின் 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பார்வை, செவி, நடை, மனம் என்ற நான்கை மட்டும் கேட்டு, சிரமம் உள்ளவர்கள் மக்களில் 4.6 விழுக்காடு என்றது. 2019 இடைக்காலக் கணக்கெடுப்பு ஆறையும் கேட்டபோது 12.8 விழுக்காடு என்று வந்தது. ஐந்தே ஆண்டுகளில் அத்தனை பேருக்குப் புதிதாக உடல் தளர்ந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. கேட்ட விதம் மாறியதில்தான் பெரும்பகுதி வேறுபாடு வந்திருக்கும்.

அந்தப் பேட்டையில் மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். இம்முறை வேறொரு சிக்கல் முளைத்தது. நம் பெரியவர்கள் எதற்கும் ‘கொஞ்சம் சிரமம்தான்’ என்றே சொல்வார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பாட்டிகூட, “கொஞ்சம் முடியலை தம்பி, வேற ஒண்ணுமில்லை” என்றார். பர்மியரிடம் இதையே ‘ஆனா’ என்பார்கள். தன் தேவையைச் சொல்லி அடுத்தவரைச் சங்கடப்படுத்திவிடக் கூடாதே என்ற கூச்சம் அது. ஆகவே, படிவத்தில் இருந்தபடி கேட்ட பிறகு, “தெருக்குழாய் வரைக்கும் போய் ஒரு குடம் தண்ணீர் தூக்கி வருவீர்களா?” என்று ஒரு துணைக் கேள்வியும் போட்டேன். விதிப்படி அப்படிச் சேர்க்கலாகாது என்று பின்னர் ஒருவர் கடிந்துகொண்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தக் குடத்தை நான் இன்னும் விடவில்லை.

கணக்கில் வந்துவிட்டால் உதவியும் வந்து சேர்ந்துவிடும் என்று நம்பியது அடுத்த பிழை. வழங்கும் இடம் ஒரு மடாலயத்தின் வளாகம். சர்க்கரை நோயால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்த ஒரு பெரியவர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். வரிசையில் நிற்க முடியவில்லை போலும் என்று நினைத்து நாற்காலி கொண்டுபோனேன். அவர் தலையசைத்துவிட்டுக் குனிந்து தன் செயற்கைக் காலைக் காட்டினார். அதன் நுனியில் சப்பாத்து பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்றினால் காலின் உயரம் குறைந்து நடை தடுமாறும். கழற்றாமல் போனால் செருப்போடு மடாலயத்துக்குள் நுழைந்தவராவார். எங்கள் கோயிலிலும் இதே கதைதான். யாரும் அவரைத் தடுக்கவில்லை. தானே தன்னைத் தடுத்துக்கொண்டு நின்றார். தலைமைத் துறவியிடம் போய்ச் சொன்னேன். “அது அவருடைய கால், செருப்பல்ல” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, வாசல் வரை வந்து அவரை அழைத்துப்போனார்.

ஆனால் பிரச்சினை வாசலோடு தீரவில்லை. அரிசி மூட்டையும் எண்ணெயும் போர்வையும் வாங்கியவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக ஓர் ஆளைப் பிடித்து, எண்ணெயில் ஒரு பாட்டிலைக் கூலியாகக் கொடுத்தார். எல்லாருக்கும் சமமாகத்தான் கொடுத்தோம் என்று அன்றைய அறிக்கையில் எழுதினோம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது சமமாக இல்லை. வந்து, நின்று, அறிவிப்பைக் கேட்டு, தூக்கிச் செல்லக்கூடிய ஓர் உடலை மனத்தில் வைத்துக்கொண்டே நிவாரணத்தை நாம் திட்டமிடுகிறோம் என்பதை அந்த ஒரு பாட்டில் எண்ணெய்தான் எனக்கு உணர்த்தியது. அதன் பிறகு மூட்டையைப் பாதியாகப் பிரித்துக் கட்டினோம். வர இயலாதவர் வீட்டுக்கு நாங்களே எடுத்துச் சென்றோம். செலவு நாங்கள் பயந்த அளவுக்கு வரவில்லை.

கழிப்பறைக் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். வெள்ளநீர் புகாதபடி தரையை இரண்டரை அடி உயர்த்திப் படி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் சாய்தளம் அமைத்தால் முப்பது அடி நீளம் வேண்டும். வளாகத்தில் அதற்கு இடமில்லை என்று பொறியாளர் கையை விரித்தார். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண்மணிதான் வழி சொன்னார். தர்ம மண்டபத்தின் தளமும் அதே உயரம்தான். அதற்கு ஏற்கெனவே சாய்தளம் இருக்கிறது. அங்கிருந்து பலகை போட்டுவிடுங்கள் என்றார். அரை நாளில் வேலை முடிந்தது. வரைபடம் போடும்போதே அவரைக் கேட்டிருந்தால் அந்த அரை நாளும் மிஞ்சியிருக்கும்.

இதையெல்லாம் எழுதும்போது 2008 நினைவுக்கு வருகிறது. மே 2 இரவு நர்கீஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தைத் தாக்கி, இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேரைக் கொண்டுபோனது. நான் அப்போது இளைஞன். லபுத்தாவுக்குப் போன படகுகளில் மூட்டை ஏற்றி இறக்கினேன். அங்கிருந்த முகாம்களில் ஊன்றுகோலோடு ஒருவரையும் பார்த்ததாக நினைவில்லை. அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லை போலும் என்று அன்று எண்ணினேன். கடல்நீர் ஊருக்குள் ஏறியபோது தென்னையைக் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் தொங்கியவர்களே பிழைத்த பல ஊர்கள் அங்கு உண்டு என்பதை அப்போதே கேட்டும் இருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் எங்கள் நாடு 2011-இல் சேர்ந்தது. பேரிடர்க் காலத்தில் அவர்களைக் காப்பது அரசின் கடமை என்று அதன் 11-ஆம் பிரிவு சொல்கிறது. 2015-இல் உள்நாட்டுச் சட்டமும் வந்தது. களத்தில் அவற்றை யாரும் என்னிடம் மேற்கோள் காட்டியதில்லை.

2025 மார்ச் 28 நண்பகலில் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் சகாயிங்கையும் மாந்தளையையும் குலைத்தபோது என்னை மாந்தளைக்கு அனுப்பினார்கள். நாற்பது டிகிரி வெயிலில் மக்கள் தெருவில் கிடந்தார்கள். முதுகெலும்பில் அடிபட்டவர், காலை இழந்தவர் என்று புதிதாக இந்த வரிசையில் சேர்ந்தவர்கள் ஒருபுறம். வீட்டோடு சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் இடிபாட்டுக்குள் போய்விட, நேற்றுவரை நடமாடியவர்கள் இன்று படுத்த படுக்கையாகிவிட்டது மறுபுறம். இங்கே கணக்கெடுக்க நாங்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் சிலர் தாங்களே சேர்ந்து தொலைபேசி வழியாகப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். அரிசிக்கு மேலே அவர்கள் எழுதியிருந்தது மெத்தையும் சிறுநீர்க் குழாயும். உணர்வற்ற உடல் வெறுந்தரையில் இரண்டு நாள் கிடந்தாலே படுக்கைப் புண் வந்துவிடும். எங்கள் வண்டியில் அவை இரண்டும் இல்லை.

இந்த ஆண்டு மழை தொடங்குவதற்கு முன்பே, ஆற்றில் தண்ணீர் ஏறும்வரை காத்திராமல், எங்கள் பேட்டையில் ஆறு கேள்விகளோடு நடந்து வந்தேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மகன் பள்ளிக்கூடம் போனதில்லை. ரங்கூனில் காது கேளாதோருக்கு 1920-இலேயே பள்ளி வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுச் சைகைகள் மட்டுமே அவனுடைய மொழி. ஒலிபெருக்கி அறிவிப்பு அவனுக்குப் பயனில்லை என்பதால் மஞ்சள் கொடி, சிவப்புக் கொடி என்று நாங்கள் முடிவு செய்ததை அவர் அவனுக்குக் கையால் விளக்கிக் காட்டினார். பிறகு, “அவன் பேரை எழுதிக்கோ தம்பி. எதிர்வீட்டுப் பெரியவர் மூட்டையை இனி அவனே தூக்கிக்கொடுப்பான், எண்ணெயெல்லாம் வாங்க மாட்டான்” என்றார்.