மஞ்சப்பையோடு வாங்க

ஜூன் 8, 2025, ஞாயிறு

டாக்டர் பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுக்கு 30 கிரெடிட் அவர் வேண்டும். அதற்காகப் போகிற சி.எம்.இ. என்கிற தொடர்கல்வி வகுப்புகள் பலவும் மருந்து கம்பெனி ஸ்லைடோடும் மதியச் சாப்பாட்டோடும் முடிந்துவிடும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இன்று தொடங்கிய முதியோர் மருத்துவ வகுப்புக்கும் அந்த நினைப்போடுதான் போனேன். பாடம் எடுக்கச் சென்னையிலிருந்து வந்தவர் ஸ்லைடே போடவில்லை. ஒரு மஞ்சப்பையை மேசைமேல் கொட்டினார். பாதி வெட்டிய ஸ்ட்ரிப்புகள், எக்ஸ்பயரி ஆனவை, ஒரே மருந்து இரண்டு கம்பெனி பெயரில். "இவருக்கு என்ன வியாதின்னு சொல்லுங்க" என்றார். ஹாலில் சத்தமே இல்லை.

நாட்டின் முதல் முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது, டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால். பெருமைதான். ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 தாண்டியவர்கள். அவர்கள் முதலில் வந்து உட்காருவது அம்மாப்பேட்டையில் என்னைப் போன்ற ஒரு எம்.பி.பி.எஸ். முன்னால்.

ஜூன் 12, வியாழன்

தறிக்காரப் பெரியவர், 74 வயது. விடிகாலை பாத்ரூமில் விழுந்துவிட்டாராம். எலும்பு தப்பியது. மருந்தும் சீட்டும் இருக்கிற பையைக் கொண்டுவரச் சொன்னேன். மகன் வண்டியில் போய் எடுத்து வந்தார்.

சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினால் கதை தானாக வந்துவிட்டது. பிரஷருக்கு அம்லோடிபின் 10. அதனால் கணுக்கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு வேறோர் இடத்தில் நீர் மாத்திரை. ராத்திரி நாலு தடவை எழுந்ததும், பிராஸ்டேட் என்று டாம்சுலோசின். எழுந்தால் கிறுகிறுப்பு, அதற்கும் ஒரு மாத்திரை. வியாதி ஒன்று, மருந்து நாலு. மூன்று மருந்து மருந்துக்குக் கொடுத்த மருந்து!

படுக்கவைத்துப் பார்த்தேன்: 138/80. நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் 108/66. மேல் பிரஷர் 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும், இங்கே 30.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கக் கூடாது. நீர் மாத்திரையை நிறுத்தி, அம்லோடிபினைப் பாதியாக்கினேன். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மேடம், விழுந்த மனுசனுக்கு மாத்திரையைக் குறைக்கிறீங்க. ஒரு குளுகோஸாவது ஏத்திவிடுங்க." எழுதிக் கொடுத்தால்தான் வைத்தியம் என்று ஊரைப் பழக்கியது டாக்டர்களும்தானே.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் வகுப்பு. 80 வயதுப் பாட்டி, எடை 38 கிலோ, சிறுநீரகம் எப்படி என்று காட்டும் ரத்த டெஸ்ட்டான கிரியேட்டினின் 1.1. லேப் சீட்டில் நார்மல். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐயும் கிரியேட்டினினையும் பெருக்கி வந்ததால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கச் சொன்னார் வகுப்பெடுத்தவர். சிறுநீரகம் வடிகட்டுவது நிமிடத்துக்கு 24 மில்லி சொச்சம்தான். சதை வற்றிய உடம்பில் கிரியேட்டினின் அவ்வளவாக ஏறாது, அதனால் பழுது தெரிவதில்லை. இப்படிப்பட்டவருக்கு கிளிபென்கிளமைடு என்கிற சுகர் மாத்திரை போனால் சுகர் நள்ளிரவில் இறங்கிக் கிடக்கலாம். வீட்டில் "பாட்டி அசந்து தூங்குது" என்பார்கள்.

ஏற்காட்டிலிருந்து வந்த டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து ஒரு வயசாளியை ஸ்கேனுக்குக் கீழே அனுப்பினால், 20 ஹேர்பின் வளைவு, கூட வருகிற மகளுக்கு ஒரு நாள் கூலி போச்சு. "எனக்கு மெஷின் வேண்டாம்மா, நாற்காலியில வெச்சுப் பார்க்கிற டெஸ்ட்டா சொல்லச் சொல்லுங்க" என்றார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்குப் போகிற பெண்களுக்குத்தான் எந்த வீட்டுக் கக்கூசில் பிடிமானம் இல்லை என்று தெரியும். அவர்களையும் இந்த வகுப்பில் உட்காரவைக்கலாம் என்பது அவர் கட்சி. என் கட்சியும்.

ஜூன் 25, புதன்

ஏற்காட்டு டாக்டர் கேட்ட டெஸ்ட் வகுப்பிலேயே இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேலானால் விழக்கூடும் என்று கணக்கு. என் ரூமில் மூன்று மீட்டர் எங்கே இருக்கிறது? வராந்தாவில் சிஸ்டர் பிளாஸ்டர் ஒட்டிக் கோடு போட்டார். டோக்கனோடு காத்திருந்த கூட்டத்துக்கு நல்ல வேடிக்கை. ஒரு அப்பத்தா 19 விநாடி. "இன்னொரு வாட்டி வுடு சாமி, செருப்பு வழுக்குது" என்றார். செருப்பைப் பார்த்தேன், பேரனுடையது, இரண்டு சைஸ் பெரிது. மருந்துக்கு முன் செருப்பு எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்

வகுப்பில் யாரும் சொல்லித்தராதது நேரக் கணக்கு. ஒரு பையைப் பிரிக்க இருபது நிமிடம், வெளியே கூட்டம். அதனால் வியாழன் மதியம் டோக்கன் கிடையாது, பை மட்டும் என்று போர்டு வைத்துவிட்டேன். வருமானம் குறையும். பார்க்கலாம்.

தறிக்காரர் வந்தார். வீக்கம் வற்றிவிட்டது, ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறாராம். அடுத்து கிறுகிறுப்பு மாத்திரையை நிறுத்தினேன். டாம்சுலோசின் இப்போதைக்கு இருக்கட்டும்.

குகைப் பகுதியிலிருந்து ஒரு பாட்டி, பல வருடமாக ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை. சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம் வரும். சிலருக்கு வலிப்பே வரும். கால்வாசி குறைத்தேன், இரண்டு வாரம் கழித்து மறுபடி குறைக்க வேண்டும். பாட்டி பேரம் பேசினார்: "முக்கா மாத்திரைக்கு முக்கா தூக்கம்தானே டாக்டரம்மா வரும்? மீதிக்கு ஊசி போடுங்க." ஊசி இல்லை, பகல் தூக்கத்தை நிறுத்துங்க என்றேன். எழுந்து போகும்போது மகளிடம், "வேற டாக்டரு யாராச்சும் இருக்காங்களா பாரு" என்றது எனக்கும் கேட்டது.