பொலிவியா மறியல்களுக்கு நடுவே பைக்கில்

லா பாஸிலிருந்து சாந்தா குரூஸ் போகிற முக்கியச் சாலை ஒருரோ பக்கமாக இறங்கி கொச்சபாம்பா வழியாகத்தான் போகிறது. அங்கே கல்லைப் போட்டால் நாடு இரண்டாகிவிடும். 2024 அக்டோபரில் முன்னாள் அதிபர் ஏவோ மொராலஸின் ஆதரவாளர்கள் தொடங்கிய மறியல் 24 நாள் நீடித்தது.

கிளம்புமுன் சாலைத் துறையான ஏபிசியின் இணைய வரைபடத்தைப் பாருங்கள். அதைவிட பஸ் நிலையம் நம்பகமானது: எந்த ஊருக்கு டிக்கெட் கொடுக்கவில்லையோ, அந்தச் சாலை அடைப்பு.

மறியல் தெரிந்ததும் ஐம்பது மீட்டர் முன்னாலேயே இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, நடந்து போய் வணக்கம் சொல்லுங்கள். தலைவர் யாரென்று கேட்டு அவரிடம் பேசுங்கள். விட்டால் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் கடக்க வேண்டும். படம் எடுக்காதீர்கள், பணத்தை முதலில் நீட்டாதீர்கள். கேட்காமல் பக்கத்து வயலில் இறங்கினால் கல் வரும். இருட்டியபின் போகவே வேண்டாம். குடித்தவர்களிடம் பேச்சு எடுபடாது.

ஆனால் உண்மையான எதிரி ஆட்கள் இல்லை, மறியலில் சாலை நடுவே அவர்கள் எரித்த டயர். ரப்பர் கருகிய பின் சாம்பலில் முடி போல மெல்லிய எஃகுக் கம்பிகள் மிஞ்சும். தள்ளும்போதே அவை நம் டயரில் ஏறிவிடும், உடனே காற்று இறங்காது. ஐம்பது கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் பின்சக்கரம் ஆட ஆரம்பிக்கும். அதனால் கடந்ததும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பழந்துணியால் துடையுங்கள். துணி மாட்டுகிற இடத்தில் கம்பி. கூர்மூக்குக் குறடால் பிடுங்குங்கள். பஞ்சரே ஆகிவிட்டால், புது டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தையும் அதே துணியால் தடவிப் பாருங்கள். விரலால் தடவினால் விரல் கிழியும். தடவாமல் விட்டால் புது டியூபும் போகும். டியூப் இரண்டு கையிருப்பில் இருக்கட்டும்.

அடுத்தது பெட்ரோல். லாரி வராவிட்டால் பங்க் காய்ந்துவிடும். வெளிநாட்டு நம்பர் பிளேட்டுக்கு ஊற்றத் தயங்குகிற பங்க்குகளும், கேனில் தர மறுக்கிற பங்க்குகளும் உண்டு. எனவே போக மட்டும் அல்ல, திரும்பி வரவும் கணக்குப் போடுங்கள்: 120 கிலோமீட்டரில் வழி மறித்தால் தேவை 240-க்கான பெட்ரோல். லா பாஸை ஒட்டிய எல் ஆல்ட்டோ நகரம் 4,000 மீட்டர் உயரத்துக்கும் மேல். அந்த உயரத்தில் கார்புரேட்டர் பைக்குக்குக் காற்றில் ஆக்சிஜன் போதாது, பெட்ரோல் அதிகமாகிப் புகையும், மைலேஜ் விழும். பாதி டேங்க் ஆனதுமே அடுத்த பங்க்கில் வரிசையில் நில்லுங்கள்.

சுங்கத்துறை தந்த வண்டி அனுமதிச் சீட்டின் கடைசி நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பை அது முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும்.