பிரார்த்தனைக் குழு நடத்துபவர்களுக்கு

வாட்ஸ்அப்பில் ஒருவருக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லும்போது பெயரும் "நாளை காலை ஆபரேஷன்" என்பதும் போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போடாதீர்கள். வயது, மருத்துவமனை எண், நோயின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஐசியூ படம் வேண்டவே வேண்டாம். படுத்திருப்பவரிடம் யார் அனுமதி கேட்டார்கள்?

குழுவில் 'மறையும் செய்திகள்' வசதியை 7 நாளுக்கு வைக்கலாம். ஆனால் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் அது அழியாது. அதனால் போடும் முன்பே குடும்பத்தாரிடம் கேட்டுவிடுவதுதான் சரி.

பண உதவி கேட்கும் செய்தியில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. சிகிச்சை முடிந்த பிறகும் சுற்றும். கியூஆர் கோடு மாற்றப்பட்டும் வரலாம். குடும்பத்தாரிடம் நேரில் பேசுங்கள். கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் அவர்களுடையதா என்று பார்த்த பிறகே பின் நம்பர் போடுங்கள். ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

கைகூப்பும் எமோஜி போட்டவர்களில் இரண்டு பேராவது மறுநாள் போன் செய்து, ராத்திரி துணைக்கு ஆள் வேண்டுமா, சாப்பாடு கொண்டுவரட்டுமா என்று கேளுங்கள்.