அடுத்த போருக்கு முன்பே ஒரு கடிதம்

எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். எந்தப் போரைப் பற்றி என்று கேட்ட நண்பருக்கு, இனி வரப்போகும் போரைப் பற்றி என்றேன். பிரித்தானியா அடுத்த முறை எங்கோ ஒரு நாட்டின் மீது விமானங்களை அனுப்ப நினைக்கும்போது, அவை கிளம்புவதற்கு முன்பே வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று அவர் சபையில் எழுந்து கேட்க வேண்டும். வாக்கெடுப்பு வந்தால் எதிர்த்து வாக்களிக்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். இந்த நாட்டின் மீது யாராவது படையெடுத்து வந்தால் அது வேறு விஷயம். நாமாகத் தேடிப் போகும் போர்களைப் பற்றித்தான் எழுதினேன்.

இப்போதே எழுதக் காரணம் இருக்கிறது. போருக்குப் போக இங்கே பாராளுமன்றத்தின் அனுமதி தேவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது மன்னரின் பெயரில் இருக்கும் அதிகாரம். பிரதமர் அதைப் பயன்படுத்துகிறார். 2003இல் ஈராக் போருக்கு முன் வாக்கெடுப்பு நடந்ததால் ஒரு வழக்கம் உருவானது. ஆனால் அந்த வாக்கெடுப்பு எப்போது நடந்தது? மார்ச் 18ஆம் தேதி. எல்லையில் படைகள் குவிந்து முடிந்துவிட்டன. இரண்டே நாளில் படையெடுப்பு தொடங்கியது. பிப்ரவரி 15ஆம் தேதி போரை எதிர்த்து லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் நடந்ததும், ராபின் குக் அமைச்சர் பதவியைத் துறந்து சபையில் பேசியதும் அந்த ஏற்பாட்டை அசைக்கவில்லை. 412 பேர் ஆதரவு, 149 பேர் எதிர்ப்பு. சமாதான வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்க்காமலே போருக்குப் போனோம் என்று ஈராக் போரை ஆராய்ந்த சில்கொட் விசாரணை அறிக்கை சொன்னபோது ஆண்டு 2016. அதற்குள் 179 பிரித்தானியப் படையினர் ஈராக்கில் இறந்திருந்தார்கள். ஈராக்கியர்களின் சாவைப் பற்றி இன்றைக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு ஒன்று கிடையாது.

லிபியாவில் இன்னும் மோசம். 2011 மார்ச் 19ஆம் தேதி தாக்குதல் தொடங்கியது, 21ஆம் தேதி வாக்கெடுப்பு. 557க்கு 13. குண்டு விழுந்த பிறகு கேட்கும் அனுமதிக்கு என்ன பெயர் வைப்பது? 2018 ஏப்ரலில் சிரியாவைத் தாக்கியபோது பாராளுமன்றம் விடுமுறையில் இருந்தது, யாரையும் கேட்கவில்லை. 2024 ஜனவரியில் யேமன் மீது தாக்குதல் நடந்தபோதும் முன்கூட்டி வாக்கெடுப்பு இல்லை.

நடுவில் ஒரு முறை, 2013 ஆகஸ்ட் 29ஆம் தேதி, கேள்வி உரிய நேரத்தில் கேட்கப்பட்டது. சிரியா மீது இராணுவ நடவடிக்கைக்கு வழி திறக்கும் தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது. ஆளுங்கட்சிக்காரர்களே பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். வித்தியாசம் 13 பேர். நம் உறுப்பினர் ஒருவரின் வாக்கு என்ன செய்துவிடும் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

வாக்கெண்ணிக்கைகளை நான் ஏன் இப்படி நினைவில் வைத்திருக்கிறேன் என்று என் மகள் கேட்பாள். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணா பெடலைக் கையால் சுற்றுவார்; டைனமோவிலிருந்து போகும் வயரில் வானொலி உயிர்பெறும். அவருடைய கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும். அப்பா “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்பார். அவசரகால நிலையை நீடிக்கக் கொழும்பில் பாராளுமன்றம் மாதாமாதம் வாக்களித்த காலம் அது. இத்தனை வாக்குகளால் இன்னும் ஒரு மாதத்துக்கு நீடிப்பு என்ற அந்தச் செய்தி, முற்றத்து ஓரத்தில் பனங்குற்றி அடுக்கி மண் போட்டு மூடிய பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்களை வந்தடையும். பங்கரை ‘ட’ வடிவத்தில் வெட்ட வேண்டும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். வாசலில் செல் குண்டு விழுந்தால் அதன் துண்டுகள் நேராக உள்ளே பாயக் கூடாதல்லவா. மாரியில் அதற்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். குண்டுபோடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் அந்தத் தண்ணீரில்தான் இறங்குவோம். அம்மா தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார்.

கை உயர்த்திய அந்த உறுப்பினர்களில் ஒருவருக்காவது இப்படி ஒரு குழி இருப்பது தெரிந்திருக்குமா என்று அப்போதே நினைப்பேன். கடிதத்தில் இதையும் எழுதினேன். “நீங்கள் வாக்களிக்கும் நேரத்தில் எங்கோ ஒரு பிள்ளை அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்கும்” என்று.

2009இல் இதே பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முன் சதுக்கத்தில் வாரக்கணக்கில் நின்றவர்கள் நாங்கள், இன்று தலையிடாதே என்று சொல்வது முரண் இல்லையா என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அன்று நாங்கள் கேட்டது குண்டு அல்ல, போர்நிறுத்தம். வன்னியில் சிக்கியிருந்தவர்களுக்கு உணவும் மருந்தும் போக வழி. ஐநா பேச வேண்டும், அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று கேட்டோம். கொழும்பின் மேல் குண்டு போடுங்கள் என்று அந்தச் சதுக்கத்தில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. விமானம் அனுப்பாமல் ஒரு நாடு செய்யக்கூடியவை எத்தனையோ உண்டு. அவற்றைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பிறகு ஒரு நாள் வேறு வழியே இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

2013இல் வேண்டாம் என்று வாக்களித்ததால் சிரியாவில் சாவு நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் குண்டு போட்ட லிபியாவில் மறுநாளுக்கு என்ன திட்டம் இருந்தது? உருப்படியாக எதுவும் இல்லை என்பதை பாராளுமன்றத்தின் வெளிவிவகாரக் குழுவே 2016இல் விரிவாக எழுதியிருக்கிறது. ஆகவே கடிதத்தில் ஒரு கேள்வி வைத்தேன்: ஆதரித்து வாக்களிப்பதாக இருந்தால், ஓர் ஆண்டு கழித்து அந்த ஊரில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடப் போகிறவர் யார் என்று அமைச்சரிடம் கேட்டீர்களா?

எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முழு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கட்டாயம் எழுதுங்கள். தொகுதிக்கு வெளியே இருப்பவர்களின் கடிதத்துக்கு அவர்கள் பொதுவாகப் பதில் சொல்வதில்லை. யாரோ தயாரித்த வாசகத்தை அப்படியே அனுப்பாதீர்கள். ஒரே மாதிரிக் கடிதங்களுக்கு ஒரே மாதிரிப் பதில்தான் வரும். ஆங்கிலம் சரளமாக இல்லை என்று கூச்சப்படவும் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

எனக்குப் பதில் வந்துவிட்டது. உலக நிலவரத்தை உன்னிப்பாகக் கவனித்து வருகிறாராம், என் கருத்துக்கு நன்றியாம். முன்கூட்டியே வாக்கெடுப்பு கேட்பாரா மாட்டாரா என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. வெள்ளிக்கிழமை மாலை அவர் தொகுதி மக்களைச் சந்திக்கும் நேரத்தில் எனக்கு இடம் கேட்டிருக்கிறேன். கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு போகிறேன். அந்த ஒரு வரியை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.